வளர்ப்பு நாயின் அறுவை சிகிச்சை: செலவின் எல்லையும் கடமையின் எல்லையும்

வளர்ப்பு நாய்க்குப் பெரிய அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் இரு கட்சிகள் உருவாகிவிடும். ‘ஒரு நாய்க்கா இவ்வளவு செலவு?’ என்பது ஒரு கட்சி. ‘பிள்ளை மாதிரி வளர்த்துவிட்டு எப்படிக் கைவிடுவது?’ என்பது மறு கட்சி. முன்னது விலையை வைத்து அளக்கிறது. பின்னது பாசத்தை வைத்து அளக்கிறது. இவ்விரு அளவுகோல்களும் போதா என்பது இக்கட்டுரையின் வாதம். நாயின் பிறப்பையும் உணவையும் உறைவிடத்தையும் மனிதர் தம் கைக்குள் கொண்டுவந்ததிலிருந்தே உடையவரின் கடமை பிறக்கிறது. அக்கடமை நாயின் துன்பத்தைத் தீர்ப்பதோடு நிற்கும். ஆயுளை எப்பாடுபட்டேனும் நீட்டச் சொல்லாது.

விலையும் கைம்மாறும்

சென்னையில் 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி முதல் ஊர்ப்புற மருந்தகம் வரை, நம் கால்நடை மருத்துவம் பெரிதும் உழவுக்கும் பாலுக்கும் உதவும் விலங்குகளைச் சுற்றியே வளர்ந்தது. அங்கே கணக்கு நேரானது. பசுவின் வைத்தியச் செலவு அது தரப்போகும் பாலையும் கன்றையும் சந்தை விலையையும் விஞ்சினால் உழவர் தயங்குவார். அவர் பிழைப்பு அது.

வேலை செய்த நாய்க்கு வேறொரு கணக்கு இருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல், எருமைகளைக் காக்கும் போரில் மாண்ட கருந்தேவக்கத்தியுடன், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது. செய்த காவலுக்குக் கிடைத்த கைம்மாறு அது. அடுக்கக வீட்டில் வளரும் இன்றைய நாய்க்கு அப்படி ஒரு பணி பெரும்பாலும் இல்லை. ஆகவே பயனைக் கொண்டு கடமையை நிறுவினால் இந்நாய்க்கு ஏதும் மிஞ்சாது.

‘இந்தச் செலவுக்குப் புதுக் குட்டிகள் நாலு வாங்கலாமே’ என்ற பேச்சில் உள்ள பிழையும் இங்கேதான் தெரிகிறது. பழுதான பொருளுக்கு வலி இல்லை. அதனால் பழுதுபார்க்கும் கூலியைப் புதுப்பொருளின் விலையோடு ஒப்பிடலாம். பழைய நாயின் வலியைப் புதிய நாய் தீர்க்காது.

பாசமும் அளவுகோல் ஆகாது. பாசமே அளவென்றால் அதிகம் கொஞ்சப்படாத நாய்க்கு வைத்தியம் குறைவாகவே உரியது என்றாகும். மேலும், பிரிவைத் தாங்க மாட்டாத உடையவர் தம் ஆறுதலுக்காக நாயை மீண்டும் மீண்டும் கத்திக்கு உட்படுத்தவும் பாசமே தூண்டும்.

கடமையின் ஊற்று

மெய்யியலாளர் கிளேர் பால்மர் 2010இல் வெளியிட்ட நூலில், காட்டு விலங்குக்கும் வீட்டு விலங்குக்கும் நாம் பட்டிருக்கும் கடமைகள் வேறு என்று வாதிட்டார். விலங்கு தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத நிலையை மனிதர் எங்கே உருவாக்கினரோ அங்கே உதவும் கடமையும் கூடுகிறது.

பக் இன நாய் இதற்குத் தக்க சான்று. 2003இல் ஒரு செல்பேசி நிறுவன விளம்பரத்தில் சிறுவனைப் பின்தொடர்ந்தோடிய பின் இந்நாய் இந்திய நகரங்களில் பெரும் மவுசு பெற்றது. தட்டை முகத்துக்காகவே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்ததில் முக எலும்பு குறுகியது. உள்ளிருக்கும் தசை அதே அளவுக்குக் குறுகவில்லை. அதனால் பல பக் நாய்களுக்கு மூக்குத் துளை வெறும் கீறலாக இருக்கிறது. நீண்ட மென்னண்ணம் குரல்வளை வாயில் தொங்கி மூச்சை மறிக்கிறது. நாய் தன் உடற்சூட்டைப் பெரிதும் மூச்சிரைத்தே தணிக்கும். கத்தரி வெயிலில் மூச்சிரைக்கவே வழி இல்லாத நாயின் பாடு எளிதில் விளங்கும். மூக்கோரத்தில் ஆப்பு வடிவில் தசையை நீக்கித் துளையை அகலமாக்குவதும் அண்ணத்தின் மிகையை வெட்டுவதும் இதற்கான அறுவை. நாம் விரும்பி வாங்கிய முகத்தின் விலையை அந்நாய் ஒவ்வொரு மூச்சிலும் கட்டுகிறது. இங்கே மருத்துவச் செலவு தயவு ஆகாது, ஈடுசெய்தல்.

சட்டமும் இத்திசையில்தான் நிற்கிறது. விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்துக்கும், தேவையற்ற வலியும் துன்பமும் நேராமல் தடுப்பதற்கும் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்கிறது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. ‘நியாயமான’ என்ற வரையறை முக்கியம். இயலாததைச் செய் என்று சட்டம் கேட்கவில்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலையும் உண்டென ஒப்புக்கொள்கிறது.

மறுப்பு ஒன்று

நாயின் அறுவைக்கான பணத்தில் பசித்த மனிதருக்கு உதவலாமே என்பது வலுவான மறுப்பு. அதன் தத்துவ வடிவத்தை மெய்யியலாளர் பீட்டர் சிங்கரின் 1972ஆம் ஆண்டுக் கட்டுரை தந்தது. ஆனால் அவ்வாதத்தை ஏற்றால் அது திருமண மண்டப வாடகைக்கும் புது வாகனத்துக்கும் முதலில் பொருந்தும். அங்கெல்லாம் கேட்காத கேள்வியை நாய் மருத்துவமனை வாசலில் மட்டும் கேட்பது முரண். எனினும் மறுப்பின் ஒரு கூறு நிலைக்கிறது: வீட்டு மனிதரின் உணவையும் மருந்தையும் பிள்ளைகளின் படிப்பையும் குலைத்து, இருக்கும் நகையை அடகுவைத்துச் செய்யும் செலவை எந்தக் கடமையும் கோரமுடியாது.

எல்லையை எங்கே வகுப்பது?

மனிதர் நாளைய நலனுக்காக இன்றைய வலியைப் பொறுப்பர். நாய்க்கு அந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவைக்க வழியில்லை. அதற்கு இன்றைய வலி முழு வலி. எனவே அறுவைக்குப் பின் அது எப்படி வாழும் என்பதே முதற்கேள்வி.

கருத்தடை செய்யாத பெண் நாயின் கருப்பையில் சீழ் கட்டினால், கருப்பையை அகற்றியதும் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும். இங்கே வசதியுள்ளவர் தயங்க நியாயமில்லை. கால் எலும்புப் புற்றில் நிலைமை சிக்கலானது. காலை மட்டும் அகற்றினால் கிடைக்கும் ஆயுள் பெரும்பாலும் சில மாதங்களே. ஆனால் கடும் வலி நீங்கும், மூன்று காலில் நாய் நடந்துகொள்ளும். ஆயுளை அளந்தால் வீணாகத் தோன்றும் இவ்வறுவை, துன்பத்தை அளந்தால் தகுதி பெறுகிறது. மாறாக, புற்று நுரையீரல் வரை பரவித் தளர்ந்துவிட்ட முதிய நாய்க்குப் பெரிய அறுவை, பணம் குவிந்திருந்தாலும் தகாது. அங்கும், அறுவை பலன் தரக்கூடியதாக இருந்தும் பணமோ பிந்தைய பராமரிப்போ இயலாமல் வலி தொடரும் இடத்திலும், மருத்துவர் கையால் வலியின்றி முடித்துவைப்பது கடமையின் நிறைவே. வைத்தியமும் இன்றி விடுதலையும் இன்றி மூலையில் கிடக்கவிடுவதே கடமை மீறல்.

இக்கடமையைத் தனி உடையவர் தோளில் மட்டும் ஏற்றுவதும் சரியன்று. பெரும்பாலான நாய்களுக்குக் காப்பீடு உள்ள ஸ்வீடனில் எதிர்பாராத செலவு பலரிடையே பகிரப்படுகிறது. காப்பீடு மருத்துவக் கட்டணத்தை ஏற்றிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்குக் கட்டண வெளிப்படைத்தன்மை துணை நிற்கவேண்டும். உரிய காலத்தில் செய்யும் கருத்தடை, கருப்பைச் சீழ் அறுவையின் தேவையையே போக்குகிறது. மூச்சுவிட முடியாத குட்டிகளை ஈனவைத்து விற்போரும் பின்வரும் சிகிச்சைச் செலவில் பங்கேற்கச் சட்டம் வகை செய்தால், அத்தகைய இனப்பெருக்கம் இலாபம் இழக்கும். குட்டியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எந்த உடலை விலைக்கு வாங்குகிறோம் என்று கேட்பவரே அறுவை அரங்குச் செலவின் பெரும்பகுதியை முன்கூட்டியே தீர்மானிக்கிறார். ஆகவே பொறுப்பின் கணக்கு அறுவை அரங்குக்கு முன்பே, விற்பனை நடக்கும் இடத்தில் தொடங்கவேண்டும்.