கப்பலின் திணை எது? நிஜாம், எம்டன், ரியூஜோ

தமிழ் இலக்கணத்தில் கப்பல் அஃறிணை. இருபதாம் நூற்றாண்டின் போர்களில் ஆளின் பெயர் கப்பலுக்குச் சென்றது. கப்பலின் பெயர் ஆளுக்கும் வந்தது. ஒவ்வொரு முறையும் பெயர் சூட்டியவர் அந்தப் போரில் எங்கே நின்றார் என்பது அப்பெயரிலேயே பதிந்துள்ளது. மூன்று எடுத்துக்காட்டுகள் இதற்குப் போதும்.

முதலாவது ஐதராபாத். கடற்கரையே இல்லாத நாட்டை ஆண்டவர் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான். பிரிட்டிஷ் பேரரசின் போர்களுக்கு அவர் பெருநிதி வழங்கினார். முதல் உலகப் போரில் அவர் நிதியால் விமானங்கள் பெற்ற 110-ஆம் விமானப்படைப் பிரிவு ஐதராபாத்தின் பெயரையே தாங்கியது. 1940 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் நீரில் இறக்கப்பட்ட நாசகாரிக் கப்பல் ஒன்று 'நிஜாம்' எனப் பெயர் பெற்றது. ஆஸ்திரேலியக் கடற்படையினர் செலுத்திய அக்கப்பல், 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணாகதியில் கையெழுத்திட்டபோது டோக்கியோ விரிகுடாவில் நின்றது. இங்கே பெயர், புரவலருக்குச் செய்த மரியாதை மட்டுமே, கப்பல் ஆளாகவில்லை.

இரண்டாவது சென்னை. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு இருளில் மறைந்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அது வீழ்ந்தது. தமிழில் மட்டும் வீழவில்லை. சூழ்ச்சியும் துணிச்சலும் உடையவனை, அஞ்சத்தக்க கண்டிப்புக்காரனை 'அவன் ஒரு எம்டன்' என்கிறோம். ஜெர்மன் மொழியில் கப்பற்பெயர் பெண்பால். தமிழில் அதன் இறுதி ஒலி 'அன்' என்னும் ஆண்பால் விகுதியோடு ஒத்துப்போனது. ஊர்ப்பெயராகப் பிறந்த சொல் எளிதில் ஆண்மகனாயிற்று. மலையாளத்தில் 'எமண்டன்' மிகப்பெரியதைக் குறிக்கும். சுடப்பட்ட கரையே சுட்ட கப்பலுக்கு உயிர் கொடுத்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது. 2006-இல் 'எம்டன் மகன்' என்ற திரைப்படம், தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்கை முன்னிட்டு 'எம் மகன்' ஆனது. மக்கள் வழக்கில் ஊறிய சொல்லை அரசாணை அயற்சொல்லாகவே கருதியது.

மூன்றாவது ஜப்பான். 2013-இல் வெளிவந்து, 2015-இல் அனிமே தொடராகவும் வளர்ந்த 'கான்டாய் கலெக்‌ஷன்' என்னும் கணினி விளையாட்டில் இரண்டாம் உலகப் போர்க் கப்பல்கள் இளம்பெண்களாக உருப்பெறுகின்றன. ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல்லுக்கு இலக்கணப் பால் இல்லை. ஆகவே இப்பெண்மை இலக்கணம் தந்ததன்று. விமானந்தாங்கிக் கப்பலான ரியூஜோ அவர்களுள் ஒருத்தி. சிற்றுருவினள், கான்சாய் வட்டார வழக்கில் கலகலப்பாகப் பேசுபவள். உண்மைக் கப்பல் கட்டப்பட்டதோ கான்சாயில் அன்று, யோகோகாமாவில். வட்டார வழக்கு இங்கே பிறப்பிடச் சான்றன்று, குணச்சித்திரக் கருவி.

அந்த ரியூஜோவின் விமானங்களே 1942 ஏப்ரல் 6 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. அவ்வாரத்தில் சென்னை நகரமே பாதி காலியானது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. வெடிக்காத ஜப்பானியக் குண்டொன்று இன்றும் விசாகா அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று சாலமன் தீவுகளுக்கு அருகே ரியூஜோ மூழ்கியது.

விளையாட்டில் எதிரி எந்த நாடும் அன்று. ஆழ்கடலிலிருந்து எழும் பெயரற்ற அரக்கக் கூட்டம். இவ்வமைப்பில் கப்பற்பெண்கள் மூழ்கும் துயரத்துக்கு இடமுண்டு. குண்டு விழுந்த ஊருக்கு இடமில்லை. கப்பல்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கும் ஆர்வத்தை இக்கதாபாத்திரங்கள் பலரிடம் தூண்டியிருப்பது உண்மை. அத்தேடல் கப்பல் மூழ்கிய இடத்தோடு நின்றுவிடக் கூடாது.

'எம்டன்' என்ற ஒற்றைச் சொல், நூறாண்டு தேய்ந்தும், தாக்கப்பட்டவர்களின் அச்சத்தைச் சுமந்து நிற்கிறது. ரியூஜோவின் கலகலப்பான பேச்சில் காக்கிநாடா இல்லை. ஐதராபாத்திலோ சென்னையிலோ அனிமே பண்பாட்டை ஆராயும் மாணவர், கப்பல் உயர்திணையாவதை விளக்கும்போது, அதன் விமானங்களுக்குக் கீழே இருந்தவர்களையும் உயர்திணையிலேயே எழுத வேண்டும்.