சார்ஜெண்டும் குதிரையும்

1948 லண்டன் ஒலிம்பிக்கில் டிரசாஜ் அணிப் போட்டியில் ஸ்வீடன் தங்கம் வென்றது. அடுத்த வருடம் அதைப் பறித்துவிட்டார்கள். ஊக்கமருந்து விவகாரம் எல்லாம் இல்லை. அணியிலிருந்த யேநால் பெர்சன் உண்மையில் ராணுவ அதிகாரி அல்ல, சார்ஜெண்ட். அதிகாரிகள்தான் கலந்துகொள்ளலாம் என்ற விதிக்காக அவரைத் தற்காலிகமாக லெப்டினன்ட் ஆக்கி, போட்டி முடிந்ததும் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டிருந்தார்கள். தங்கம் பிரான்ஸுக்குப் போனது. இதில் குதிரைக்கு என்ன சம்பந்தம்ன்னு கேட்டால், ஒன்றுமில்லை.

டிரசாஜ் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் நான் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். யார் ஏறலாம் என்பதற்கு இத்தனை சண்டை. சுமக்கிறவனைப் பற்றிய கேள்வி மட்டும் எப்போதும் வரிசையின் கடைசியில்.

இது குதிரைப்படைக் களத்திலிருந்து வந்த விளையாட்டு. 1912 ஸ்டாக்ஹோமில் முதன்முறை ஒலிம்பிக்கில் நுழைந்தபோது, குதிரை தடைகளைத் தாண்ட வேண்டும், தன்னை நோக்கி உருண்டுவரும் பீப்பாயைப் பார்த்து மிரளக் கூடாது. நின்ற இடத்திலேயே துள்ளுநடை போடும் வித்தை இன்று இந்த விளையாட்டின் உச்சம். அன்று அது தேர்விலேயே கிடையாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது சொன்னபடி கேட்கும் போர்க்குதிரை.

1952 ஹெல்சிங்கியில்தான் கதவு திறந்தது. பெண்கள் வந்தார்கள், சார்ஜெண்டுகளும் வந்தார்கள். பெர்சன் அந்த வருடமும் 1956லும் ஸ்வீடன் அணியோடு தங்கம் வென்றார். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

ஆனால் 1952 என்றால் எனக்கு லிஸ் ஹார்ட்டல்தான். டென்மார்க்காரர். 1944இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் வேண்டும். டிரசாஜில் சவாரிக்காரர் குதிரையோடு பேசுவது பெரும்பாலும் கால்களால்தான். விலாவில் சின்ன அழுத்தம் போதும். அது ஹார்ட்டலிடம் இல்லை. ஜூபிலி என்ற அவருடைய பெண்குதிரை அவரது முதுகின் அசைவையும் உடல் எடை சாய்வதையும் வைத்தே என்ன வேண்டும் என்று புரிந்துகொண்டது. ஆண்களோடு மோதி வெள்ளி. 1956இல் மறுபடியும் வெள்ளி. பலம்தான் எல்லாம்ன்னு நினைச்சவங்களுக்கு இதைவிடப் பெரிய பதில் என்ன இருக்கு?

விளையாட்டு அந்தப் பக்கம் போகவில்லை. குதிரைப்படைகள் கலைந்தன, வயலுக்கு டிராக்டர் வந்தது. நெதர்லாந்தில் விவசாய வேலை செய்துவந்த குரோனிங்கன், கெல்டர்லாந்து குதிரைகளை வெளி இரத்தத்தோடு கலந்து விளையாட்டுக்கென்றே ஒரு இனத்தை உருவாக்கினார்கள். அந்த வளர்ப்பின் பெரிய நட்சத்திரம் டோட்டிலஸ். கருப்புக் குதிரை. 2009 டிசம்பரில் லண்டனில் இசையோடு ஆடி 92.30 சதவீதம் வாங்கியது. முன்கால்கள் வீசுவதைப் பார்த்தால் இப்போதும் வாய்பிளக்கலாம். பின்கால்கள் அதற்கு ஈடாக வரவில்லை என்று பழைய பள்ளிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். காணொலியை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

அதே 2009இல் டென்மார்க்கின் ஓடென்ஸேயில், பயிற்சிக்களத்தில் எடுத்த வேறொரு குதிரையின் காணொலி பரவியது. தாடை மார்போடு ஒட்டுகிற அளவுக்குக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். நாக்கு நீலமாக வெளியே தொங்குகிறது. இந்த முறைக்கு ரோல்குர் என்று பெயர். 2010 பிப்ரவரியில் சர்வதேசக் கூட்டமைப்பு, பலவந்தமாகக் கழுத்தை மடக்கக் கூடாது என்றது. பலவந்தம் இல்லாமல் மடக்கினால்? அதற்கு வேறு பெயர் வைத்து விட்டுவிட்டார்கள்.

கிமு நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் படைத்தலைவர் செனபோன், கட்டாயத்தில் வருகிற அசைவில் அழகிருக்காது என்று குதிரையேற்ற நூலில் வாதிட்டிருக்கிறார். அவர் காட்டும் உதாரணம், சாட்டையடி வாங்கி ஆடும் நடனக்காரர்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, மூன்று தங்கம் வென்ற பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின் விலகினார். மாணவி ஒருவர் சவாரி செய்ய, கீழே நின்று நீளச் சாட்டையால் அவர் குதிரையின் கால்களை அடிக்கும் பழைய காணொலி வெளியாகியிருந்தது. ஒரு வருடம் தடை. 2025 ஜூலையில் அதுவும் முடிந்துவிட்டது.