பூட்டு நஞ்சேற்றம்

பல இழைகளாக ஓடும் நிரலில், பூட்டைப் பிடித்திருந்த இழை பாதி வேலையில் முறிந்துபோனால், அந்தப் பூட்டின்மீது இடப்படும் எச்சரிக்கைக் குறியே நஞ்சேற்றம் எனப்படுகிறது. 2015 மே மாதம் வெளியான ரஸ்ட் மொழியின் 1.0 பதிப்பு இதை மியூடெக்ஸ் என்ற தன் பூட்டில் சேர்த்திருந்தது.

ஒரு கணக்கில் ஆயிரம் ரூபாயைக் கழித்து இன்னொன்றில் சேர்க்க வேண்டிய இழை, கழித்த கையோடு முறிகிறது என்று கொள்வோம். பூட்டு பூட்டியபடியே கிடந்தால் காத்திருக்கும் இழைகள் நகரமாட்டா. திறந்துவிட்டாலோ, பணம் காணாமல்போன கணக்கைச் சரியானதென்று நம்பி அடுத்த இழை வேலையைத் தொடரும். இரண்டில் இதுவே கொடியது. நின்றுபோன நிரல் உடனே கண்ணில் படும், தவறான இருப்பு மாதக்கடைசி வரை படாமலே போகலாம். ஆனால் ஜாவாவின் சிங்க்ரனைஸ்டு பகுதியும் சி++ மொழியின் லாக்-கார்டும் எக்செப்ஷன் எழுந்தால் ஒரு குறியும் வைக்காமல் பூட்டைத் திறந்துவிடுகின்றன. வெளியிலிருந்து இழையை நிறுத்திய ஜாவாவின் ஸ்டாப் கட்டளை 1998இல் 1.2 பதிப்பிலேயே கைவிடத்தக்கது என அறிவிக்கப்பட்டதற்கும் இதுதான் காரணம்: நிறுத்தப்பட்ட இழை தன்னிடமிருந்த பூட்டுகளையெல்லாம் விட்டுவிட்டது, அவை காத்த தரவு எந்த நிலையில் இருந்தாலும் மற்ற இழைகளின் கைக்குப் போய்விட்டது.

ரஸ்டிலும் பேனிக் எனப்படும் முறிவு ஏற்படும்போது பூட்டு திறக்கிறது, ஆனால் குறியோடு. அடுத்து அதைக் கேட்கும் இழைக்குத் தரவுக்குப் பதில் பிழை திரும்பும். அந்தப் பிழைக்குள்ளேயே தரவும் இருக்கிறது. சரிபார்த்து எடுத்துக்கொள்வது நிரலாளரின் பொறுப்பு. படிப்பவர் பலரும் எழுதுபவர் ஒருவரும் கொள்ளும் ஆர்டபிள்யூ-லாக்கில், எழுதும்போது முறிந்தால் மட்டுமே நஞ்சேறும்.

போசிக்ஸ் 2008 தரத்தின் உறுதிப் பூட்டும் இதற்கு உறவுதான். உரிமையாளர் இறந்துவிட்டார் என்ற குறியெண்ணோடு அது அடுத்தவரிடம் பூட்டைத் தருகிறது. அவர் தரவைச் சீராக்கி அறிவிக்காமல் திறந்தால் அந்தப் பூட்டு அதன்பின் யாருக்கும் கிடைக்காது.

நஞ்சேற்றத்துக்கு எதிர்ப்பும் உண்டு. நடைமுறையில் பெரும்பாலோர் பிழையை ஆராயாமல், பிழை வந்தால் இழையையே முறித்துவிடும் அன்ராப் என்று எழுதிவிடுவதால் ஒரு இழையின் முறிவு மற்றவற்றுக்கும் தொற்றுகிறது. பரவலாகப் பயன்படும் பார்க்கிங்-லாட் என்ற ரஸ்ட் நூலகம் இந்த ஏற்பாட்டையே விட்டுவிட்டது. ஆனாலும் கெட்ட தரவோடு ஓடுவதைவிடத் தொற்றி நிற்பது மேல் என்பதால், கணக்கு காக்கும் நிரல்களுக்கு ரஸ்டின் வழியே பொருத்தமானது. தரவைச் சீர்செய்தபின் குறியை அழிக்கும் வசதி 2024இல் ரஸ்டின் 1.77 பதிப்பில் நிலைபெற்றது.