ரேடியேட்டருக்கு ஒரு போர்வை

பெட்ரோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒரே காரில் இணைத்து, தேவைக்கேற்ப ஒன்றையோ இரண்டையுமோ இயக்கும் ஹைபிரிட் கார் எரிபொருள் சிக்கனத்திற்காகவே பிறந்தது என்றாலும், வட அமெரிக்காவின் குளிர்காலத்தில் அச்சிக்கனத்தின் கணிசமான பகுதியை அது இழந்துவிடுகிறது. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் கையேடுகள் தரும் கணக்குப்படி, வெப்பநிலை 25 பாகை செல்சியசிலிருந்து உறைநிலைக்குக் கீழே 7 பாகைக்கு இறங்கும்போது, நகருக்குள் ஓடும் சாதாரணப் பெட்ரோல் காரின் மைலேஜ் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைகிறது. ஹைபிரிட் காரிலோ அக்குறைவு 30 முதல் 34 விழுக்காடு வரை போகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்து காரை எதிர்ப்பதும், டயரில் காற்றழுத்தம் இறங்குவதும், எண்ணெய் கெட்டிப்பதும் எல்லாக் கார்களுக்கும் பொதுவானவை. ஹைபிரிட்டுக்கு மட்டும் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாவதற்குக் காரணம் வெப்பம். எஞ்சின் வெப்பத்தைக் குளிர்நாட்டார் ஒரு நூற்றாண்டாக எவ்வாறு கையாண்டு வந்தனர் என்ற வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அக்காரணம் தெளிவாகும்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் வட அமெரிக்காவின் பனிப் பகுதிகளில் கார் வைத்திருந்தோர் பலர், முதற்பனி விழுந்ததும் அதைக் கொட்டகையில் மரக்கட்டைகள் மீது தூக்கி நிறுத்திவிட்டு, வசந்தம் வரும்வரை குதிரைச் சறுக்குவண்டிக்குத் திரும்பினர். எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரில் அன்று வெறும் தண்ணீரே ஓடியது. உறையும்போது தண்ணீரின் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுவதால், ஒரே இரவில் எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல் வெடித்துவிடக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. குளிர்காலத்திலும் ஓட்டியே தீர வேண்டியவர்கள், மருத்துவர்கள், பால்காரர்கள் போன்றோர், இரவுதோறும் தண்ணீரை வடித்துவிட்டுக் காலையில் சுடுநீர் ஊற்றினர். ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி காரில் இன்னொரு இடர்ப்பாடும் இருந்தது: குளிரில் கெட்டித்த எண்ணெய் கிளட்ச் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுவதால், முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை உயிர்ப்பித்தவர் மீதே கார் மெல்ல ஊர்ந்து வரும். இதைத் தவிர்க்கப் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தரையிலிருந்து உயர்த்திவிட்டு, அது காற்றில் சுழலும்போதே எஞ்சினைச் சூடேற்றி, பிறகு சக்கரத்தை இறக்கும் வழக்கம் பரவலாயிற்று.

தண்ணீருடன் சாராயம் கலந்தால் உறைநிலை இறங்கும் என்பது தெரிந்திருந்தும் அது அரைத் தீர்வாகவே இருந்தது. மெத்தனால் 65 பாகையிலும் எத்தனால் 78 பாகையிலும் கொதித்துவிடுவதால், எஞ்சின் நன்கு சூடேறிய நாள்களில் கலவையிலிருந்த சாராயம் ஆவியாகிப் போய், அடுத்த குளிர் அலையில் ஓட்டுநரைக் கைவிட்டது. பிரெஞ்சு வேதியியலர் வூர்ட்ஸ் 1850-களிலேயே உருவாக்கியிருந்த எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவம் 197 பாகையில்தான் கொதிக்கும்; சம அளவு தண்ணீரோடு கலந்தால் உறைநிலைக்குக் கீழே 35 பாகையையும் தாண்டி உறையாமல் நிற்கும். 1927-இல் பிரெஸ்டோன் என்ற வணிகப் பெயரில் இது அமெரிக்கச் சந்தைக்கு வந்த பிறகே, காரைக் குளிர்காலம் முழுவதும் ஓட்டலாம் என்ற துணிவு பொதுமக்களுக்கு ஏற்பட்டது.

உறையாமல் காப்பது ஒன்று, சூடாக வைத்திருப்பது வேறொன்று. கோடைக்காக வடிவமைத்த ரேடியேட்டர், பனிக்காற்றில் எஞ்சினை அளவுக்கு மீறிக் குளிர்வித்துவிட, பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் வீணாயிற்று. எனவே 1920-களின் ஓட்டுநர்கள் ரேடியேட்டரின் முகத்தைக் கம்பளியாலோ அட்டையாலோ மூடினர். இதற்கென்றே தைத்த தோல் உறைகளும் திறந்து மூடும் தகட்டுச் சட்டங்களும் கடைகளில் விற்றன. பேக்கார்டு, ரோல்ஸ்-ராய்ஸ் போன்ற விலையுயர்ந்த கார்களில், குளிர்விப்பு நீரின் சூட்டுக்கேற்பத் தாமாகவே திறந்து மூடும் செங்குத்துத் தகடுகள் ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தப்பட்டிருந்தன. ஏழை அட்டையால் செய்ததைச் செல்வர் எந்திரத்தால் செய்தனர் என்பதைத் தவிர இரண்டுக்கும் நோக்கத்தில் வேறுபாடில்லை.

பயணிகளின் குளிரைப் போக்கியதும் இதே வெப்பம்தான். தொடக்கத்தில் சூடேற்றிய செங்கற்களும் கரி நிரப்பிய கால்பெட்டிகளும் உதவின; பின்னர்ப் புகைபோக்கிக் குழாயின் சூடு உள்ளே திருப்பிவிடப்பட்டது, குழாயில் ஓட்டை விழுந்தால் நச்சுப்புகையும் கூடவே வரும் என்ற ஆபத்தோடு. எஞ்சினிலிருந்து வரும் சுடுநீரைச் சிறிய ரேடியேட்டர் ஒன்றில் ஓடவிட்டு, வெளிக்காற்றை அதன் வழியே இழுத்துச் சூடாக்கி உள்ளே செலுத்தும் முறையை நாஷ் நிறுவனம் 1938-இல் அறிமுகப்படுத்தியது. இன்றைய கார் ஹீட்டர்களின் அடிப்படை அதுவே. பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் ஒரு சிறு பகுதியே சக்கரத்தைச் சுழற்ற, எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடும் குளிர்விப்பு நீரோடும் வெப்பமாக வெளியேறியதால், பயணிகளுக்கான சூடு செலவில்லாத கொடையாக அமைந்தது.

இக்கொடை எஞ்சின் சூடேறிய பின்னரே கிடைக்கும் என்பதால், நின்றிருக்கும் காரை முன்கூட்டியே சூடாக்கும் முயற்சிகளும் நடந்தன. வட டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் மின்விநியோகக் கூட்டுறவு ஒன்றை நடத்திவந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், எஞ்சினின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு, உள்ளே மின்சூடேற்றி அடங்கிய பொள்ளலான போல்ட்டை அதன் இடத்தில் முடுக்கும் கருவிக்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். பிளாக் ஹீட்டர் எனப்படும் எஞ்சின் சூடேற்றிகளின் முன்னோடிகளுள் இது ஒன்று. சமவெளிக் கனடாவில் இவை இன்றியமையாதவையாகிவிட, வினிபெக், சாஸ்கட்டூன், எட்மன்டன் நகரங்களின் வாகன நிறுத்துமிடங்களில் கம்பந்தோறும் மின்செருகிகள் முளைத்தன. இன்றைய மின்கார்கள் சந்தைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்நகர மக்கள் காரை மின்சாரத்தில் செருகப் பழகிவிட்டனர்.

அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் எஞ்சின்கள் பெருத்தன, வெப்பம் மிகுந்து வழிந்தது, ரேடியேட்டர் போர்வை பெரும்பாலும் லாரிகளில் மட்டும் தங்கிவிட்டது.

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்து, 2000-இல் வட அமெரிக்காவை எட்டிய டொயோட்டா பிரியஸ் இந்த நிலையைத் தலைகீழாக்கியது. அதன் எஞ்சின், விரிவடையும் வாயுவிலிருந்து கூடுதல் வேலையை வாங்கும் அட்கின்சன் சுழற்சியில் இயங்குவதால், வீணாகும் வெப்பம் முதலிலேயே குறைவு. சிக்னலில் நிற்கும்போதும் இறக்கத்தில் உருளும்போதும் அது அணைந்துவிடுவதால் உள்ள வெப்பமும் நிலைப்பதில்லை. உறைபனிக் காலையில் காரைக் கிளப்பியதும், பேட்டரி நிரம்பியிருந்தாலும், புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கியைச் சூடேற்றுவதற்காக எஞ்சின் ஓடத் தொடங்கும். பிறகு ஓட்டுநர் ஹீட்டரை முழு அளவில் திருப்பினால், குளிர்விப்பு நீரின் சூட்டைக் காக்கும் பொருட்டு, நின்றுகொண்டிருக்கும் காரிலும் எஞ்சின் அணையாமல் ஓடும். சக்கரத்துக்காகவன்றிக் கால்களின் கதகதப்புக்காகவே பெட்ரோல் எரியும் இந்நிலை, பழைய கொடை விலைக்கு வந்துவிட்டதைக் காட்டுகிறது. குளிரில் நிக்கல் உலோக ஹைட்ரைடு பேட்டரியின் உள்மின்தடை உயர்ந்து, பிரேக் பிடிக்கும்போது மீளும் மின்சாரத்தை முழுமையாக ஏற்க மறுப்பது இழப்பை இன்னும் கூட்டியது. அப்பேட்டரிக்குக் காற்று பின் இருக்கையருகே உள்ள துளை வழியாகப் பயணிகள் அறையிலிருந்தே செல்வதால், அறை சூடேறும்வரை பேட்டரியும் சோர்ந்தே கிடந்தது.

வடிவமைப்பாளர்கள் இதை அறிந்திருந்தனர். 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பிரியசின் வட அமெரிக்க வடிவத்தில், ஏறத்தாழ மூன்று லிட்டர் சுடுநீரை வெற்றிடச் சுவருள்ள கலனில், தெர்மாஸ் குடுவையின் முறையில், மூன்று நாள் வரை சூடு ஆறாமல் சேமித்து, அடுத்த முறை கிளப்பும்போது எஞ்சினின் தலைப்பகுதிக்குள் செலுத்தும் ஏற்பாடு இருந்தது. சிக்கனத்தைவிடப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளே அதற்கு முதன்மைத் தூண்டுதல். 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் இக்கலன் நீங்கி, புகைபோக்கியின் சூட்டைக் குளிர்விப்பு நீருக்கு மாற்றும் அமைப்பு அதன் இடத்தைப் பிடித்தது. பழைய புகைபோக்கி ஹீட்டரின் கருத்து, நச்சுப்புகை அபாயம் நீங்கிய வடிவில் திரும்பியது எனலாம்.

இவற்றால் நிறைவடையாத உரிமையாளர்கள் தம் பாட்டன் தலைமுறையின் வழிக்கே திரும்பினர். வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் உறையாதிருக்கச் சுற்றும் நுரைக் குழாயை நீளவாக்கில் வெட்டி, முன்புறக் கிரில்லின் குறுக்குச் சட்டங்களுக்கிடையே ஒவ்வொன்றாகச் செருகிக் காற்றை அடைத்தனர். நெடுஞ்சாலை ஏற்றத்தில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறாமல் கண்காணிக்கச் சிலர் குளிர்விப்பு நீரின் வெப்பநிலையைக் காட்டும் தனி அளவியையும் பொருத்திக்கொண்டனர். எஞ்சின் சூடேற்றியை இரவு முழுவதும் எரியவிடாமல், நேரங்காட்டும் விசையால் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் இயக்குவது, அறைக்காற்றைச் சூடாக்குவதைவிடப் பன்மடங்கு குறைந்த மின்சாரத்தில் உடலைச் சூடாக்கும் இருக்கைச் சூடேற்றியை நாடுவது, எஞ்சின் ஆறிப்போகாதபடி சிறு வேலைகளை ஒரே பயணத்தில் முடிப்பது ஆகியவையும் வழக்கமாயின. ஒருமுறை உண்டாக்கிய சூட்டை வெளியே விடாமல் காப்பதே இவற்றுள் பெரும்பாலானவற்றின் சாரம். 2010-களில் நான்காம் தலைமுறைப் பிரியஸ் உள்ளிட்ட பல கார்களின் கிரில்லுக்குப் பின்னால் தானே திறந்து மூடும் தகடுகள் தொழிற்சாலையிலேயே இடம்பெற்றபோது, பேக்கார்டு காலத்து ஏற்பாடு ஏறத்தாழ எண்பதாண்டு இடைவெளிக்குப் பின் மீண்டது.

அரசின் அளவுகோலும் இதற்கிடையில் மாறியிருந்தது. கார்களின் மைலேஜை இதமான ஆய்வறைச் சூட்டில் மட்டுமே அளந்துவந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2008 மாடல் ஆண்டு முதல் உறைநிலைக்குக் கீழே 7 பாகையில் நடத்தும் சோதனை, அதிவேக ஓட்டம், ஏசி இயங்கும் ஓட்டம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தது. நகர ஓட்டத்தில் கேலனுக்கு 60 மைல் என்றிருந்த பிரியசின் மதிப்பீடு 48-ஆகச் சரிந்தது. விளம்பரத்தை நம்பி ஏமாந்ததாகக் குமுறிய உரிமையாளர்களுக்கு இத்திருத்தம் தாமதமான நியாயம். ஆனால் குளிருக்கே உரிய அந்தச் சோதனையும் கனடியச் சமவெளியின் சனவரியை எட்டவில்லை.

வெளிக்காற்றின் வெப்பத்தை இறைத்து உள்ளே செலுத்தும் வெப்ப ஏற்றியோடு 2016-இல் வந்த, மின்சாரத்தில் செருகி நிரப்பும் ஹைபிரிட்டான பிரியஸ் பிரைம், உறைநிலைக்குக் கீழே 10 பாகை வரை எஞ்சினை எழுப்பாமலே அறையைச் சூடாக்கும்படி வடிவமைக்கப்பட்டது. வினிபெக்கின் சனவரிச் சராசரி உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 16 பாகை. பேட்டரியை முழுமையாக நிரப்பிய இத்தகைய ஹைபிரிட் கார்களும் அந்நகரில் அம்மாதக் காலைகளில் பயணிகளைச் சூடாக்கப் பெட்ரோல் எரிக்கின்றன.