ஆழமில்லாத சுரங்கம்: கொல்கத்தா மெட்ரோவின் முதல் தடம்

கொல்கத்தா மெட்ரோவின் முதல் தடம் என்றதும் அதன் தாமதம்தான் முதலில் பேசப்படும். 1972 டிசம்பர் 29 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். தம்தம் முதல் டாலிகஞ்ச் வரையான 16.45 கி.மீ. முழுவதும் ரயில் ஓடத் தொடங்கியது 1995 செப்டம்பர் 27 அன்று. இடையில் ஏறத்தாழ 23 ஆண்டுகள். நிதி போதவில்லை என்பது வழக்கமான விளக்கம். அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. சாலையைத் திறந்து தோண்டி, சுரங்கம் கட்டி, மீண்டும் மூடுவது என்ற முடிவே நகரத்தை வருத்தியது. பயணிக்குப் பின்னாளில் உதவியதும் அதே முடிவுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஹூக்ளி ஆற்றின் வண்டலில் அமைந்த நகரம் அது. மண் மென்களிமண், நிலத்தடி நீரோ மேலேயே நிற்கும். அங்கே சாலையின் இரு ஓரங்களிலும் குறுகிய ஆழப் பள்ளம் வெட்டி, மண் சரியாதிருக்கப் பெண்டோனைட் குழம்பை நிரப்பினார்கள். அதனுள் கம்பிக்கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் ஊற்ற ஊற்றக் குழம்பு மேலே வெளியேறும், பள்ளம் சுவராகும். பிறகு இரு சுவர்களுக்கும் நடுவே முட்டுக்கொடுத்து மண் அள்ளிப் பெட்டி போன்ற சுரங்கத்தைக் கட்டினார்கள். வழியிலிருந்த குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி எல்லாவற்றுக்கும் மாற்றுவழி தேட வேண்டியிருந்தது. சித்தரஞ்சன் அவென்யூ ஆண்டுக்கணக்கில் பிளந்து கிடந்தது இதனால்தான். மேலிருந்து தோண்ட இயலாத பேல்காச்சியா–சியாம்பஜார் இடையே, ரயில்வே யார்டுக்கும் கால்வாய்க்கும் அடியில் மட்டும் கேடய எந்திரத்தால் துளைத்தார்கள்.

முறை இப்படி இருக்க, தடம் துண்டுதுண்டாகவே திறந்தது. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடு–பவானிபூர் இடையே 3.4 கி.மீ.; நவம்பர் 12 அன்று வடக்கே தம்தம்–பேல்காச்சியா. தனித்து நின்ற இந்த வடக்குத் துண்டில் ஏற ஆளில்லாமல் 1992இல் சேவையே நிறுத்தப்பட்டது. 1994இல் சியாம்பஜாருடன் இணைந்த பிறகே அது மீண்டும் இயங்கியது. பாதித் தடத்தால் பாதிப் பயன் கிடைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி வரவுப் பக்கம். மேலிருந்து தோண்டிய சுரங்கம் ஆழமில்லாததால், அதன் நிலையங்கள் இரண்டு தளங்களில் அடங்கின: மேலே டிக்கெட் கவுண்ட்டர், கீழே நடைமேடை. படிகள் குறைவு, தெருவிலிருந்து ரயிலுக்குச் செல்லும் நேரமும் குறைவு. மேல்நிலை மின்கம்பிக்காகக் கூரையை உயர்த்தாமல், தண்டவாளத்தின் பக்கத்தில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்தின் வழியே 750 வோல்ட் நேர்மின்சாரம் தந்தார்கள். அகலப்பாதையில் ஓடிய முதல் பெட்டிகளைச் சென்னை பெரம்பூரின் ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலை கட்டித் தந்தது.

ஆழமாகத் துளைத்திருந்தால் தெரு தப்பியிருக்குமே என்று கேட்கலாம். அதே நகரில் பின்னாளில் வந்த கிழக்கு–மேற்கு மெட்ரோ தடத்தின் சுரங்கப் பகுதி அப்படித்தான் துளைக்கப்பட்டது. அது ஹூக்ளி ஆற்றையே அடியில் கடந்தது. ஆனால் 2019 ஆகஸ்ட் இறுதியில் பவ்பஜாரில் துளைக்கும் எந்திரம் நீர்தாங்கிய மண்ணில் சிக்க, நிலம் உள்வாங்கி வீடுகள் இடிந்தன. முதல் தடத்தின் சுமை தெருவில் நடந்தவர்கள் எல்லோர்மீதும் ஆண்டுக்கணக்கில் பரவி விழுந்தது. இரண்டாவதன் சுமை சில சந்துகளின் குடும்பங்கள்மீது ஒரே இரவில் விழுந்தது. முதல் தடத்தைத் தாமதத்தால் மட்டும் எடைபோடுவது இந்தக் கணக்கைப் பாராத தீர்ப்பு.