மூன்று மில்லிமீட்டர்

சேலம், நாமக்கல் பக்கத்து மேட்டுக் காடுகளுக்குக் கிணறுதான் உயிர். ஒரு காலத்தில் காளைகள் கவலை இழுத்தன. களைத்துப் போனால் புளியமரத்தடியில் கட்டித் தண்ணீர் காட்டுவார்கள். பிறகு ஆயில் எஞ்சின் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கும் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது! இறைக்கிற நீரிலேயே கொஞ்சத்தைச் சின்னக் குழாய் ஒன்றின் வழியாகத் திருப்பி, சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு உறைக்குள் ஓட விடுவார்கள். சூட்டை வாங்கிக்கொண்டு அது தொட்டியில் வந்து விழும். மார்கழிக் காலையில் அந்தத் தொட்டியில் குளித்த சுகத்தை எந்த ஓட்டலிலும் நான் கண்டதில்லை.

எவ்வளவு குளிர்ந்த நீரோ அவ்வளவு நல்லது என்று குடியானவர்கள் எண்ணினார்கள். உண்மை அப்படியன்று. அளவுக்கு மீறிக் குளிர்ந்த எஞ்சின் எண்ணெயை அதிகம் குடிக்கும். சிலிண்டரும் சீக்கிரம் தேயும். போதாக்குறைக்கு, நம் கிணற்று நீரின் உப்பு உறைக்குள் படிந்து வழியை அடைத்துவிடும். மேட்டூரில் 1934-ல் அணை, 1937-ல் மின்சாரம். காலப்போக்கில் மோட்டார்கள் எஞ்சினை ஓரங்கட்டின. இயந்திரத்துக்குத் தண்ணீர் காட்டும் கலையும் அத்தோடு போயிற்று என்று நினைத்தோம்.

போகவில்லை. அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி 1980-ல் அறிவித்த 3081 என்ற பெரிய கம்ப்யூட்டரில், ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஒரு சிறு உலோகத் தண்டு ஸ்பிரிங் பலத்தால் அழுந்தி நிற்கும். அது சூட்டை வாங்கி மேலே கொடுக்க, மேல்தட்டில் ஓடும் தண்ணீர் கொண்டு போகும். 1990-களில் சூடு குறைந்த சில்லுகள் வந்ததும் தண்ணீருக்கு விடை கொடுத்தார்கள். சில்லுகள் மறுபடி கொதிக்கவே, 2008-ல் அதே கம்பெனி அதைத் திரும்ப அழைத்துக்கொண்டது, தாய்வீடு போன மருமகளை அழைப்பதுபோல!

இன்று வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இந்த வைத்தியம் உண்டு. பிராசஸரின் தலைமீது ஒரு செப்புக் கட்டி, அதற்குள் நீரோட்டம். நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன், தகப்பனாரின் சேமிப்பைப் போட்டுப் புது இன்டெல் பிராசஸர் வாங்கினான். கட்டிக்குப் பணம் மிஞ்சவில்லை. பழையது கைவசம் இருந்தது. வைத்துப் பார்த்தால் துளை சேரவில்லை. 2009 முதல் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் 75 மில்லிமீட்டர் சதுரமாக இருந்த துளைகளை, 2021-ல் இன்டெல் 78 ஆக்கிவிட்டது. பிராசஸர் அமரும் உயரத்தையும் சற்றே தாழ்த்திற்று. போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி. 2022-ல் இருக்கையை மாற்றியபோது துளைகளைப் பழைய இடத்திலேயே விட்டுவைத்தது. மனமிருந்தால் முடிகிறது அல்லவா?

"தண்ணி பழசாயிடுமாங்க மாமா? மூணு மில்லிமீட்டருக்காக இதைத் தூக்கிப் போடணுமா?" என்றான் பையன்.

வெறும் சேஸிஸாக வந்து இறங்கும் லாரிக்கு உடம்பே கட்டித் தருகிற ஊர் அது. லேத் பட்டறைக்காரர் செப்பைத் தொடவில்லை. ஒவ்வொரு துளையையும் இரு திசையிலும் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் புதிய எஃகுப் பட்டை வெட்டிக் கொடுத்தார். ஆனால் உயரம் இருக்கிறதே! திருகு முழுக்க இறங்கியும் கட்டி அழுந்தாமல் நிற்கலாம். அழுத்தம் போதாவிட்டால் பிராசஸர் வெந்து போகாமலிருக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புதிது வாங்கியதே வீண். சூடு கடத்தும் பசையைத் தடவி, இறுக்கி, கழற்றிப் பார்த்தார்கள். ஒரு மூலையில் பசை அழுந்தவே இல்லை. திருகின் அடிக்குழல்களை அராவிய பிறகுதான் சமமாகப் படர்ந்தது.

குழாயில் ஊற்றக் கிணற்று நீர் ஆகாது என்று பையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீரை வாங்கி வந்தான். தாத்தாவின் எஞ்சின் உப்படைத்து நின்ற கதை அந்த வீட்டில் இன்னமும் பேசப்படுகிறது.