மார்சியாஸ்

மார்சியாஸ் கிரேக்கத் தொன்மங்களில் வரும் குழலிசைக் கலைஞன். அனத்தோலியாவின் பிரிஜியா நாட்டவன். அவனைச் சத்தியர் என்று சில நூல்களும் சிலேனஸ் என்று வேறு சிலவும் கூறும்; இரண்டும் காட்டில் வாழும் தொன்ம இனங்கள். அவன் ஊதியது அவுலோஸ்: சீவாளி பொருத்திய இரண்டு குழல்களை ஒருசேர வாயில் வைத்து ஊதும் கருவி.

அதீனா தேவி இக்குழலை ஊதியபோது கன்னம் உப்பி முகம் கோணியதால் எறிந்துவிட்டாள் என்பர். அதை எடுத்துப் பயின்ற மார்சியாஸ் இசைக்கடவுள் அப்பல்லோவோடு போட்டியிட்டுத் தோற்று, உயிரோடு தோலுரிக்கப்பட்டான். அப்பல்லோ வென்ற விதம் நூலுக்கு நூல் மாறுகிறது. யாழைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தான் என்கிறது அப்பல்லோடோரஸ் பெயரால் வழங்கும் நூல். யாழோடு வாய்ப்பாட்டையும் சேர்த்தான் என்பது தியோடோரஸ் கூற்று. கருவிகளை மட்டுமே ஒப்பிட வேண்டும் என்று அதில் மார்சியாஸ் முறையிடுகிறான். நியாயமான அம்முறையீடு எடுபடவில்லை.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸில் இக்கதை பெரிதும் பேசப்பட்டது. மைரான் அதீனாவையும் மார்சியாஸையும் சிலையாக வடித்தார். அக்ரோபோலிஸில் பின்னாளில் பயண நூலாசிரியர் பவுசானியாஸ் கண்ட சிலைத்தொகுதி அதுவே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மெலனிப்பிடிஸ் என்ற கவிஞர் அதீனா குழலை வெறுத்ததாகப் பாட, தெலெஸ்டிஸ் அதை வெறுங்கட்டுக்கதை என்று மறுத்துப் பாடினார். முகக்கோணலைவிட, குழற்பயிற்சி அறிவை வளர்க்காது என்பதே காரணமாகலாம் என்று பிற்பாடு அரிஸ்டாட்டில் எழுதினார். பிளேட்டோவின் 'விருந்து' உரையாடலில் அல்கிபியாடிஸ் சாக்ரடீஸை மார்சியாஸுக்கு ஒப்பிடுகிறான்: இவருக்கு ஆளை மயக்கக் குழல் வேண்டாம், பேச்சே போதும் என்பது அவன் வாதம்.

உரித்த தோல் கெலைனாய் நகரில் தொங்கியதாக ஹெரோடோட்டஸ் குறிக்கிறார். பிரிஜியப் பண் வாசித்தால் அத்தோல் அசையும், அப்பல்லோவுக்குரிய பண்ணுக்கு அசையாது என்கிறார் ஏலியன். அவ்வூரில் ஓடிய ஆற்றுக்கும் மார்சியாஸ் என்றே பெயர். கலாத்தியர் என்ற கெல்ட் இனத்தவர் படையெடுத்து வந்தபோது அந்த ஆற்று நீராலும் குழலிசையாலும் மார்சியாஸே தங்களைக் காத்ததாக அங்குள்ளோர் நம்பியதைப் பவுசானியாஸ் பதிந்துள்ளார். தண்டனை பெற்றவனைச் சொந்த ஊர் கைவிடவில்லை. கெலைனாய் இருந்த இடத்தில் இன்று துருக்கியின் தினார் நகரம் உள்ளது.

ரோம் நகர மன்றத்தில் நின்ற மார்சியாஸ் சிலை கி.மு. 82ஆம் ஆண்டு நாணயமொன்றில் காணப்படுகிறது. அது மக்கள் உரிமையின் சின்னம் என்பர்; அக்கருத்து எப்போது தோன்றியது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. ஓவிட் தோலுரிப்பை விரிவாகப் பாடினார். ஓவியர் டிஷன் தம் முதுமையில் இக்காட்சியைத் தீட்டிய ஓவியம் செக் நாட்டின் குரோமெரீஸில் உள்ளது. 2002இல் அனிஷ் கபூர் லண்டன் டேட் மாடர்னில் இப்பெயரில் மாபெரும் சிற்பம் ஒன்றை அமைத்தார்.